பெருங்காயம் சேர்த்த இரை

சந்திரசேகரனுக்குத் தெரிந்த ஒரே மீன், ராசிபலனில் பன்னிரண்டாவதாக வரும் மீனம். கும்பகோணத்தில் முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீட்டில் பிறந்தவன். மீன்கடை இருக்கும் தெருவென்றால் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போகிறவன். அப்படிப்பட்டவன், 2009 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மத்தியானம், தெலுங்குத் தலைநகரத்து மாதாப்பூரில் தன் அலுவலகத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, நன்னீர் மீனுக்கு எந்த இரை நல்லது என்று கணினியில் தேடிக்கொண்டிருந்தான். யாராவது பின்னால் நடந்துபோனால் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு வேறு எதையாவது திறந்துவைத்தான். வேலை போய்விடும் என்ற பயம் மனிதனை எதை வேண்டுமானாலும் படிக்கவைக்கும்.

விஷயம் அன்று காலையில் ஆரம்பித்தது. மேலாளர் கிருஷ்ணகுமார் அவனையும் ஃபெலிக்ஸையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு பயோடேட்டாக்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் ஒரே இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

"அமெரிக்காவுல அத்தனை பேங்க்கும் படுத்ததுல இருந்து ஹெச்.ஆர்.ல எல்லார் ஃபைலையும் தோண்டறாங்க," என்றார் கிருஷ்ணகுமார். கோயம்புத்தூர்க்காரர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார், அதனாலேயே அவர் பேசப் பேசக் கேட்பவனுக்கு வியர்க்கும். "ரெண்டு பேருக்கும் பெங்களூர்ல அதே கம்பெனி, அதே பதினாலு மாசம், அதே ப்ராஜெக்ட். சரிங்க, இருக்கலாம். ஆனா வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்குதுங்களே. கடைசி வரியப் பாருங்க. பொழுதுபோக்கு, ஆத்துல தூண்டில் போட்டு மீன் பிடிக்கறது. அது கூடவா ஒண்ணா இருக்கும்?"

அந்தப் பெங்களூர்க் கம்பெனியைக் கேட்கலாமென்றால் அது 2001-லேயே கடையைக் கட்டிவிட்டது. பழைய சம்பளச் சீட்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று ஃபெலிக்ஸ் சொன்னான். கிருஷ்ணகுமார் கையை ஆட்டினார். சீட்டெல்லாம் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துத் தருகிறார்கள் என்பது ஹெச்.ஆருக்குத் தெரியும், காகிதத்தை அவர்கள் நம்ப மாட்டார்கள் என்றார்.

"ரெண்டு பேரும் நெசமாவே ஒண்ணா வேலை பாத்து, ஒண்ணா உக்காந்து டைப் பண்ணியிருந்தா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லீங்க. ரெண்டு பேருக்கும் நானே எழுதிக் கொடுத்துடறேன். ஆனா ஒருத்தர் எழுதி இன்னொருத்தர் காப்பி அடிச்சிருந்தா, அடிச்சவர் போகணும். ஷாமீர்பேட்டைல என் மச்சானுக்கு ஒரு பண்ணை இருக்குது. அங்க மீன் வளக்கறாங்க, குளம் இருக்குது. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ரெண்டு பேரும் தூண்டிலோட வாங்க. ஒம்பது மணி வரைக்கும் நான் இருப்பேன். ஆளுக்கு ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க, போதும். பிடிக்க முடியாதவர்தான் காப்பி அடிச்சவர்னு எடுத்துக்கறேன்."

போன மாதம்தான் அவர் ஏதோ ரிசார்ட்டில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். ஆள் நல்லவர், நியாயஸ்தர். ஆனால் பயிற்சிக்குப் போய்வந்த மேலாளரிடம் கொஞ்ச நாள் எட்டியே நிற்க வேண்டும்.

உண்மை என்னவென்றால், இரண்டில் ஒன்றுதான் அசல். அது ஃபெலிக்ஸுடையது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அமீர்பேட்டையில் ஒற்றை அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். அந்த அறையில் டை ஒன்றுதான் இருந்தது. நேர்முகத் தேர்வு யாருக்கோ அவன் கட்டிக்கொண்டு போவான். பயோடேட்டாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஃபெலிக்ஸ் பெங்களூரில் பதினான்கு மாதம் நிஜமாகவே வேலை பார்த்துவிட்டு வந்தவன். சந்திரசேகரன் ஒரு டிகிரியும் ஒரு கம்ப்யூட்டர் சான்றிதழுமாக ரயிலேறி வந்தவன். "எடுத்துக்கோலே. பேர மாத்து, அப்பா பேரயும் மாத்து, மறந்துராத" என்று ஃபெலிக்ஸ் ஃபிளாப்பியைத் தூக்கிக் கொடுத்தான். சந்திரசேகரன் பேரை மாற்றினான், அப்பா பேரை மாற்றினான், விலாசத்தை மாற்றினான். பதினான்கு மாதத்தை மட்டும் விட்டுவைத்தான். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை அவன் பார்க்கவே இல்லை.

அந்தப் பதினான்கு மாதம் அவனுக்கு முதல் வேலையைக் கொடுத்தது. முதல் வேலை இரண்டாவதைக் கொடுத்தது. பெண் கொடுத்த மாமனார்கூட, மாப்பிள்ளை பெங்களூரில் இருந்தவர் என்றுதான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். லலிதாவும் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் அவன் நன்றாகத்தான் உழைத்தான், ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஃபெலிக்ஸை இதே கம்பெனிக்குச் சிபாரிசு செய்து கொண்டுவந்ததும் அவன்தான். நன்றிக்கடன் என்று நினைத்துச் செய்தான். இரண்டு பயோடேட்டாவும் ஒரே அலமாரிக்குள் போய்ச் சேரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது பிடிபட்டால் இந்த வேலை மட்டும் போகாது. பொய்ப் பயோடேட்டா கொடுத்தவர்களின் பெயர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி போகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முப்பத்து நான்கு வயதில் அவன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.

கேண்டீனில் ஃபெலிக்ஸ் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"எதுக்குலே மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் இருக்கேம்லா. அவரு என்ன சொன்னாரு? ரெண்டு பேரும் பிடிச்சுட்டா ரெண்டு பேருக்கும் எழுதித் தாரேன்னாரு. அப்போ ரெண்டு பேரும் பிடிப்போம். சோலி முடிஞ்சுது. நான் ஒனக்குச் சொல்லித் தாரேன்."

"மூணு நாள்லயா?"

"தூண்டில் போடுறதுக்கு மூணு நாளு எதுக்கு? மூணு வயசுல நான் போட்டிருக்கேன். மண்புழு மட்டும் இருந்தாப் போதும், பாத்துக்கோ. தாமிரபரணியில மண்புழுவுக்கு வாயத் தொறக்காத மீனே கெடையாது."

ஃபெலிக்ஸ் சேரன்மகாதேவிக்காரன். ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரலில் ஒரு அதட்டல் வந்துவிடும்.

வியாழனும் வெள்ளியும் சாயங்காலம் லோத்குண்டாவில் சந்திரசேகரன் குடியிருந்த அபார்ட்மெண்டின் மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. முள் இல்லாமல் ஈயக்குண்டு மட்டும் கட்டிய தூண்டில் நரம்பை, பத்தடி தள்ளி வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் விழும்படி வீச வேண்டும். ஃபெலிக்ஸ் வீசினால் ஐந்துக்கு நான்கு வாளிக்குள் விழுந்தது. சந்திரசேகரன் வீசியது ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் 'டங்' என்று மோதியது, ஒருமுறை காயப்போட்டிருந்த யாருடைய பெட்ஷீட்டிலோ சுற்றிக்கொண்டது. "தோள வச்சு வீசாத, மணிக்கட்ட வச்சு வீசு," என்றான் ஃபெலிக்ஸ். "தக்கை தண்ணியில சும்மா ஆடினா நீயும் சும்மா இரு. உள்ள முங்கினா மட்டும் ஒரு சுண்டு சுண்டு. பதறி இழுத்தன்னா போச்சு." வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் சந்திரசேகரனும் ஐந்துக்கு இரண்டு வாளிக்குள் போட்டான். ஃபெலிக்ஸ் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று மத்தியானம் டீ மெஷின் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டது சந்திரசேகரன் காதில் விழுந்திருந்தது. அவர்கள் டீமில் அடுத்த மாதத்திலிருந்து ஒரே ஒரு ஆள்தான் நிற்பானாம். டீ மெஷின் பக்கத்தில் பேசப்படுவதில் பாதி பொய் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒரு ஆள்தான் என்றால், ஃபெலிக்ஸ் எதற்காக எனக்கு இவ்வளவு சொல்லிக்கொடுக்கிறான்? இணையத்தில் ரொட்டி, சோளம், பூச்சி, தவளை என்று முப்பது இரை போட்டிருக்கிறதே, இவன் ஏன் மண்புழு மண்புழு என்று ஒன்றையே பிடித்துத் தொங்குகிறான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒன்பது வருஷ நண்பனே அவனுக்குப் பேயாகத் தெரிய ஆரம்பித்தான்.

சனிக்கிழமை காலையில் அவன் அபார்ட்மெண்ட் வாசலில் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பழைய ஸ்பூனால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். புழுவை முள்ளில் கோக்கப் பழகிக்கொள் என்று ஃபெலிக்ஸ் சொல்லியிருந்தான். ஒரு புழு கிடைத்தது. அதைத் தொடுவதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு நீலா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அவளுடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே திருமுல்கேரிக்கு வந்து தங்கிவிட்டது. அவள் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவள் தமிழில் ஊர் உருதுவும் கலந்து வரும்: கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.

"என்ன அண்ணா, தோட்டக்காரன் வரலயா?"

ஆபீஸ் பிக்னிக், மீன்பிடிப் போட்டி, ஷாமீர்பேட்டைப் பண்ணைக் குளம் என்று அவன் பாதி உண்மையைச் சொன்னான்.

"பண்ணைக் குளமா? அப்ப கைக்கு புழு நோண்டுறீங்க? நக்கோ அண்ணா, விட்டுடுங்க அத." நீலா சிரிக்காமல் சொன்னாள். "ஆத்து மீன் வேற, பண்ணை மீன் வேற. அங்க எல்லாம் ரோகுதான் விட்டிருப்பாங்க. குட்டியில இருந்து தவிடும் கடலப் புண்ணாக்கும் போட்டே வளத்திருப்பாங்க. அது புழுவப் பாத்தே இருக்காது. பாக்காதத எப்படித் தின்னும்?"

"அப்ப என்ன போடணும்?"

"கோதுமை மாவு, புண்ணாக்குத் தூள், கொஞ்சம் தவிடு. அப்புறம் பெருங்காயம். பொடி நக்கோ, கட்டிப் பெருங்காயம். சுடுதண்ணில கரைச்சு ஊத்தி, சப்பாத்தி மாவ விடக் கெட்டியாப் பிசைங்க. கொண்டக்கடல சைசுல முள்ளுமேல உருட்டி வைங்க. அந்த வாசனைக்கு ரோகு எங்க இருந்தாலும் வரும்."

"நிஜமாவா?"

"ஹவ் அண்ணா. கல்யாணத்துக்கு முந்தி எங்க அண்ணனுங்களோட ஒவ்வொரு சண்டேயும் போவேன். அவனுங்கள விட நான்தான் ஜாஸ்தி புடிப்பேன். போய்க் கேட்டுப் பாருங்க வேணும்னா."

சந்திரசேகரனுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. மாவும் பெருங்காயமும் அவனுக்குத் தெரிந்த உலகம். உடனே ஃபோனை எடுத்தான், ஃபெலிக்ஸின் பெயரைக் கண்டுபிடித்தான். கட்டைவிரல் பெயர்மேலேயே நின்றது. ஒரு ஆள்தான் நிற்பான் என்ற பேச்சு மறுபடியும் காதுக்குள் கேட்டது. சாயங்காலம் எப்படியும் வரப்போகிறானே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபோனைப் பையில் போட்டுவிட்டான். சொல்ல நினைக்கிறவன் அப்போதே சொல்லிவிடுவான். தள்ளிப்போடுகிறவனுக்கு வேறு எண்ணம் இருக்கிறது. அது அவனுக்கே தெரிந்திருந்தது, அதனால் அவனுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பங்கரையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். ஏழு வயது சாஹித்யா மேடைமேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளிடம் தமிழில் பேசினால் பதில் பள்ளிக்கூடத்துத் தெலுங்கில்தான் வரும்.

"டாடி, ஃபிஷ் சப்பாத்தி தின்டுந்தா?"

"தின்னும்டி. பெருங்காயம் போட்டா தின்னும்."

"எனக்கு ரசத்துக்குப் பொடிப் பெருங்காயம்," என்றாள் லலிதா. "மீனுக்கு மட்டும் கட்டிப் பெருங்காயம். நல்லா இருக்குங்க நியாயம்." சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மகளையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவர்கள் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அழைப்பு மணி அடித்தது. ஃபெலிக்ஸ் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களோடு நின்றான். சட்டையெல்லாம் சேறு. திருமுல்கேரியில் ஒரு நர்சரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவருடைய எருக்குழியில் இரண்டு மணி நேரம் தோண்டினானாம்.

"இந்தா, இது ஒனக்கு. கொழுத்ததெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன். ஒனக்குத்தான் கை பழகல, பெருசா இருந்தா கோக்க லேசா இருக்கும்." டப்பாவை நீட்டியவன் மூக்கை உறிஞ்சினான். "என்னலே இப்படி மணக்கு? பெருங்காயமா?"

சந்திரசேகரன் நகத்திடுக்கில் மாவு ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ரசம்," என்றான். "லலிதா ரசம் வச்சிட்டிருக்கா."

"ஒரு டம்ளர் கெடைக்குமா? தொண்டை காஞ்சு கெடக்கு."

"இன்னும் கொதிக்கலடா."

இரண்டு பொய்யும் எச்சில் விழுங்குவதுபோல அவ்வளவு சுலபமாக வந்தன. ஃபெலிக்ஸ் தலையாட்டினான். "சரி. நாளைக்கு மீனப் பிடிச்சுட்டு வந்து குடிப்போம். ஒம்பொண்டாட்டிகிட்ட இல்ல, எந்தங்கச்சிகிட்ட சொல்லி வை," என்று லலிதாவைச் சொந்தம் கொண்டாடிச் சிரித்துவிட்டு, விடிகாலை பைக்கோடு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினான். சந்திரசேகரன் கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே நின்றான். நாக்கு நுனிவரை வந்ததைத் தான் விழுங்கியது ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. பயம்தான், வேறு என்ன. லலிதா இறங்கி வந்ததும், நாளைக்கு ஃபெலிக்ஸ் சாப்பிட வருவான், ரசம் வை என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு காலை பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது, மடியில் இருந்த பைக்குள் பாலிதீனில் சுற்றிய மாவு உருண்டை இருந்தது. ஆல்வால் தாண்டி ஷாமீர்பேட்டை வரும்வரை, காற்றில் அந்த வாசனை முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதே அவன் கவலையாக இருந்தது.

குளக்கரையில் கிருஷ்ணகுமார் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி, ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். தூண்டில் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "எனக்கு ரிசல்ட்தானுங்க முக்கியம்," என்றார்.

ஃபெலிக்ஸ் வீசினான். நரம்பு நேராகப் போய்ச் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. தெரிந்தவன் பார்த்திருந்தால் அந்த ஒரு வீச்சிலேயே தீர்ப்பு எழுதியிருப்பான். கிருஷ்ணகுமார் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். சந்திரசேகரன் கண்ணை மூடிக்கொண்டு புழுவைக் கோத்து வீசினான்; அது கருவேல முள்ளில் போய் மாட்டிக்கொண்டது. ஃபெலிக்ஸ் வந்து எடுத்துக் கொடுத்தான்.

ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று. இரண்டு தக்கைகளும் குளித்துவிட்டு வெயில் காய்கிறவர்கள் மாதிரி சும்மா கிடந்தன. ஃபெலிக்ஸ் தக்கையை மேலே ஏற்றி ஆழத்துக்கு விட்டுப் பார்த்தான், இறக்கிக் கரையோரம் போட்டுப் பார்த்தான். சின்ன முள் மாற்றினான், இரண்டு புழுவைச் சேர்த்துக் கோத்தான். "என்ன எழவு மீனோ," என்று முணுமுணுத்தான். அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்ததை சந்திரசேகரன் முதல்முறையாகப் பார்த்தான். இவன் என்னை ஏமாற்றவில்லை, இவனுக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. எப்படிச் சொல்வது? நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே. நேற்று சொல்லாததால் இன்றும் சொல்ல முடியாமல் போயிற்று.

"இன்னும் நாப்பது நிமிஷங்க," என்றார் கிருஷ்ணகுமார்.

ஃபெலிக்ஸ் நிழல் தேடித் தூண்டிலோடு எதிர்க்கரைக்குப் போனான். கிருஷ்ணகுமாருக்கு ஃபோன் வந்தது. எழுந்து பண்ணை வீட்டுப் பக்கம் நடந்தார். சந்திரசேகரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் புழுவைக் கழற்றி எறிந்தான். பையிலிருந்து மாவைக் கிள்ளி, கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி, முள்ளில் வைத்து வீசினான். இரை நல்ல இடத்தில் விழுந்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தக்கை ஒருமுறை ஆடியது, இரண்டுமுறை ஆடியது, பிறகு காணாமல் போயிற்று.

அவன் சுண்டினான். அந்தப் பக்கம் யாரோ நின்று இழுப்பது போலக் கம்பு வளைந்தது. அவன் அலறியே விட்டான். எதிர்க்கரையிலிருந்து ஃபெலிக்ஸ் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"இழுக்காதலே, நரம்பு அந்துரும். விடு. விடுன்னேன்லா. இப்ப இழு. போதும், விடு."

விட்டு விட்டுப் பிடித்துப் பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் ஃபெலிக்ஸ் பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனை அடிவயிற்றில் கைகொடுத்து ஏந்திக் கரையில் போட்டான். இரண்டு கிலோ இருக்கும், செம்பழுப்புச் செதிலோடு நல்ல ரோகு. அவன் முகமெல்லாம் சிரிப்பு. "பிடிச்சிட்டலே, பிடிச்சிட்ட," என்று சொல்லிக்கொண்டே மீனின் வாயில் கையை விட்டு முள்ளைக் கழற்றினான். முள்ளில் ஒட்டியிருந்த மாவு அவன் விரலுக்கு வந்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"ரசம்னு சொன்னியே," என்றான்.

சந்திரசேகரன் பைக்குள் கையை விட்டு உருண்டையில் பாதியைப் பிய்த்து நீட்டினான். "இந்தா ஃபெலிக்ஸ், இத வச்சுப் போடு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உடனே மாட்டும். உனக்குத்தான் கை பழகினது."

"வேண்டாம்லே. நான் புழு போட்டுப் பழகினவன்."

கிருஷ்ணகுமார் ஃபோனை முடித்துக்கொண்டு வேகமாக வந்தார். மீனைப் பார்த்தார், அது யாருடைய நரம்பின் பக்கத்தில் கிடக்கிறது என்று பார்த்தார். "சபாஷ் சந்துரு," என்று கைகொடுத்தார். பிறகு ஃபெலிக்ஸ் பக்கம் திரும்பி, சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் மாட்டல சார்."

"அப்ப நான் சொல்ல ஒண்ணும் இல்லீங்க ஃபெலிக்ஸ். எனக்கும் வருத்தம்தான்."

"சார், அந்த வரி ஃபெலிக்ஸோடது," என்றான் சந்திரசேகரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கிருஷ்ணகுமாருக்குக் கேட்டது. அவர் சிரித்தார். "ஃப்ரெண்டுக்காக விட்டுக்கொடுக்கறீங்க. நல்ல குணமுங்க. ஆனா மீன் பொய் சொல்லாதில்லீங்களா? அதத் தூக்கிப் பிடிங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். ஹெச்.ஆருக்கு அனுப்பணும்."

அவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். மீன் புல்லில் கிடந்து வாலை அடித்தது. சந்திரசேகரன் குனிந்தான். கை அதன்மேல் போய், அங்கேயே நின்றது. அதன் கண் அவனைப் பார்ப்பது போலிருந்தது. தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, வேலை நிலைத்துவிடும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

"செவுளுக்குள்ள விரல விட்டுப் பிடி," என்றான் ஃபெலிக்ஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். "அப்பத்தான் வழுக்காது."

அதைத்தான் சந்திரசேகரனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் மீனைத் தூக்கியிருப்பான். அவன் நிமிர்ந்தான்.

"எனக்குப் பிடிக்கத் தெரியாது சார். மீனை நான் பொறந்ததுல இருந்து தொட்டதில்ல. நான் பெங்களூர்ல வேலை பாக்கல. ஒரு நாள் கூடப் பாக்கல. ஃபெலிக்ஸோட பயோடேட்டாவ எடுத்துப் பேர மட்டும் மாத்தினேன். கடைசி வரியப் படிச்சுக் கூடப் பாக்கல. இன்னிக்கு மாட்டினதும் கீழ்வீட்டம்மா சொன்ன மாவுக்குத்தான்."

கிருஷ்ணகுமார் ஃபோனைக் கீழே இறக்கினார். பயோடேட்டாவைக் கொடுத்தவரைப் பற்றித் தான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றார். "நாளைக்குக் காலைல ஹெச்.ஆர்.ல பாருங்க சந்துரு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். ஃபெலிக்ஸ் மீனை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக அசையும்வரை பிடித்திருந்து விட்டான்.

அதே பைக்கில் லோத்குண்டாவுக்குத் திரும்பினார்கள். அபார்ட்மெண்ட் வாசலில் சந்திரசேகரன் இறங்கினான். ஃபெலிக்ஸ் என்ஜினை அணைக்கவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நேத்துக் காலைல."

"நான் வந்தது சாயங்காலம்லா."

"ஆமா."

"ஒரு உருண்டை குடுத்திருந்தாப் போதும்லே," என்றான் ஃபெலிக்ஸ். அவன் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேரும் பிடிச்சிருப்போம். நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா ஆபீஸ் போயிருப்போம்."

அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். சந்திரசேகரன் படியேறினான். கதவைத் திறந்த லலிதா அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசைமேல் நான்கு தட்டும், நான்கு டம்ளரும், மூடிவைத்த ரசமும் இருந்தன. கட்டிப் பெருங்காயம் போட்டிருந்தாள் போலிருக்கிறது, வீடெல்லாம் மணந்தது.

"அண்ணா எங்க? அவருக்காகத்தானே சுடச்சுட வச்சேன்."

"அவன் வரமாட்டான்," என்றான் சந்திரசேகரன். "நீ உக்காரு லலிதா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."